பயோசார் மண்ணில் வளர்ந்த கீரையை ஐஆர் நிறமாலையில் ஆராய்வது எப்படி: ராமநாதபுரம் கடற்கரைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ராமநாதபுரம் மாவட்டத்தில் கரிக்குப் பஞ்சமே கிடையாது. கமுதி, முதுகுளத்தூர், சாயல்குடி என்று எந்தப் பக்கம் போனாலும் சீமைக்கருவேல் விறகை அடுக்கி, வைக்கோல் போர்த்தி, மண் பூசி, நாள்கணக்கில் புகையவிடும் மூட்டம் கண்ணில் படும். தூர்க்கரியும் குச்சிக்கரியும் மூட்டையேறி வெளியூர் போய்விட, சலித்து ஒதுக்கிய தூள் அங்கேயே குவிந்து கிடக்கும். அந்தத் தூளைத் தோட்டத்தில் போட்டால் (மண்ணில் போடும் இந்த மாதிரிக் கரிக்குத்தான் பயோசார் என்று பெயர்) உப்பு மண் திருந்துமா, கீரை நன்றாக வருமா என்று கேட்கிறவர்கள் இப்போது நிறைய. கல்லூரிப் பிள்ளைகள் அதையே புராஜெக்டாக எடுத்துக்கொண்டு, கீரைப்பொடியை எஃப்டிஐஆர் என்ற அகச்சிவப்பு (ஐஆர்) ஒளிக் கருவிக்குக் கொடுத்து, வந்த கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு பீக் (கோட்டின் முகடு) பட்டியல் போட்டு முடித்துவிடுகிறார்கள். 1630-ல் பீக் இருக்கிறது, ஆகவே புரதம். 1030-ல் பீக் இருக்கிறது, ஆகவே மாவுச்சத்து. இதற்குக் கீரையே வேண்டாம், வேப்பிலையை வைத்தாலும் இதே பட்டியல்தான் வரும்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான். கரி போட்ட தொட்டிக்கும் போடாத தொட்டிக்கும் இடையே தெரிகிற வித்தியாசம், ஒரே மாதிரி நடத்தப்பட்ட தொட்டிகளுக்குள்ளேயே இருக்கிற வித்தியாசத்தைவிடப் பெரியதா? இதற்குப் பதில் சொல்லும்படி விதைப்பிலிருந்து கடைசிக் கணக்கு வரை திட்டமிட வேண்டும். கருவியில் செலவாகும் நேரம் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் தொட்டியிலும் உரலிலும் போகும்.

முளைக்கீரை, தண்டுக்கீரையை மனதில் வைத்து எழுதுகிறேன். சிறுகீரை, பாலக் என்றாலும் பெரிய மாற்றமில்லை. பருப்புக்கீரை சதைப்பற்றானது, காய அதிக நேரம் எடுக்கும், அவ்வளவுதான். உமரிக்கீரையை மட்டும் விட்டுவிடுங்கள். அது உப்பங்கழி ஓரத்திலேயே செழிக்கிற செடி, உப்பு மண்ணில் கரியின் பலனைப் பார்க்க அது சரிப்படாது.

கருவி எதைக் காட்டும், எதைக் காட்டாது

அகச்சிவப்பு ஒளி ஒரு பொருளில் படும்போது அதிலுள்ள வேதிப் பிணைப்புகள் ஒவ்வொன்றும் தனக்கு ஒத்த இடத்தில் ஒளியை உறிஞ்சும். எங்கே எவ்வளவு உறிஞ்சியது என்ற வரைபடம்தான் ஸ்பெக்ட்ரம். நமக்கு வேண்டியது நடு அகச்சிவப்பு, அதாவது அலையெண் 4000-லிருந்து 400 வரை. ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை அலை என்ற கணக்கு அது. இனி எண்ணை மட்டும் சொல்கிறேன்.

இலையின் மெழுகு, பெக்டின், புரதம், செல்லுலோஸ் முதலிய சர்க்கரைச் சங்கிலிகள், கொஞ்சம் லிக்னின், ஆக்சலேட், நைட்ரேட் ஆகியவை தெரியும். இரும்பு எவ்வளவு, துத்தநாகம் எவ்வளவு, ஈயம் இருக்கிறதா என்பதெல்லாம் தெரியாது. "எஃப்டிஐஆர் சோதனையில் கன உலோகம் இல்லை என்று உறுதியானது" என்று யாராவது எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம்.

நம் ஊருக்கு முக்கியமான இன்னொன்று: சோற்றுப்பு, அதாவது சோடியம் குளோரைடு, நடு அகச்சிவப்பில் கிட்டத்தட்ட கண்ணாடி மாதிரி. உப்புப் படிகத்தை அறுத்தே இந்தக் கருவிகளில் மாதிரி வைக்கும் ஜன்னல் செய்வதுண்டு. ஆகவே கீரைக்குள் எவ்வளவு உப்பு ஏறியிருக்கிறது என்பதை ஸ்பெக்ட்ரம் நேராகச் சொல்லாது. அதற்குச் சாம்பலாக்கிக் கரைத்து ஃபிளேம் போட்டோமீட்டரில் சோடியமும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். உப்பின் விளைவாக இலை தன்னை எப்படி மாற்றிக்கொண்டது என்பதைத்தான் ஐஆர் காட்டும்.

முதலில் கரியை விசாரியுங்கள்

கீரைக்குப் போவதற்கு முன் கரியின் ஸ்பெக்ட்ரத்தை எடுங்கள். மூட்டத்தடியில் அள்ளிய தூள் சுத்தமான கரி அல்ல. அதில் பூசிய மண்ணும் சாம்பலும் கலந்திருக்கும். 3695, 3620 இரண்டு இடத்திலும் கூர்மையாகக் குத்திக்கொண்டு நின்றால் கயோலின் களிமண். 798, 779 என்று இரட்டையாக வந்தால் மணல். 1420-ஐ ஒட்டி அகலமான மேடும், 875, 712-ல் சின்னக் கூர்முனைகளும் இருந்தால் சாம்பலிலிருந்து வந்த கால்சியம் கார்பனேட். கருவி கைக்கு வரும் முன்பே இதைப் பார்க்கலாம்: ஒரு சிட்டிகை தூளில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை இரண்டு சொட்டு விட்டால், கார்பனேட் இருந்தால் பொங்கும்.

கடலோர மண்ணிலும் சங்கு, சிப்பி, பவளத்துண்டு நொறுங்கிக் கிடக்கும், அதுவும் கால்சியம் கார்பனேட்தான். ஆனால் பெரும்பாலான சிப்பிகளிலும் பவளத்திலும் இருப்பது அராகோனைட் என்ற படிக வடிவம். அது 875-க்குப் பதிலாக 856 பக்கம் பீக் காட்டும். மண்டபம், பெரியபட்டினம் மாதிரி இடத்து மண்ணென்றால் இந்த ஒரு எண்ணை வைத்தே வந்தது சிப்பியா சாம்பலா என்று பெரும்பாலும் பிரித்துவிடலாம்.

கரி எவ்வளவு வெந்தது என்பதும் தெரியும். வேகாத விறகு கலந்திருந்தால் 2920, 1700, 1030 பக்கங்களில் மரத்தின் பீக்குகள் மிச்சம் இருக்கும். வெப்பம் ஏற ஏற அவை மறைந்து, 1590 பக்கத்து அரோமேட்டிக் (கார்பன் வளைய) மேடும், 870-க்கும் 750-க்கும் இடையே மூன்று சின்ன முனைகளும் மட்டும் நிற்கும். 500 டிகிரியைத் தாண்டி நன்றாக வெந்த கரியில் கோடு கிட்டத்தட்டத் தட்டையாகிவிடும், கருவி கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். கரியின் ஒளிவிலகல் எண் அதிகம் என்பதால் மாதிரியை வைத்து அழுத்தும் வைரப் படிகத்தில் கோடு வளைந்து நெளியும். ஜெர்மானியம் என்ற தனிமத்தாலான படிகம் இருந்தால் அதில் எடுங்கள், இல்லையென்றால் பொட்டாசியம் புரோமைடு வில்லையில் (இதைப் பின்னால் விளக்குகிறேன்) மிகக் குறைவாகக் கலந்து எடுங்கள்.

கரியின் பிஎச், ஈசி (கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன்) இரண்டையும் அளக்காமல் மண்ணில் கை வைக்காதீர்கள். ஒரு பங்கு கரிக்குப் பத்துப் பங்கு வாலைவடிநீர் ஊற்றி, ஒரு மணி நேரம் கலக்கி அளந்தால் போதும். நம் கடலோர மண் பல இடத்தில் ஏற்கெனவே காரத்தன்மை உடையது. சாம்பல் நிறைந்த கரியைப் போட்டால் காரம் இன்னும் ஏறி, இரும்புச் சத்து செடிக்குக் கிடைக்காமல் கொழுந்து வெளுத்துவிடும். பாசியும் தாழை எனும் கடற்புல்லும் கரையில் இலவசமாக ஒதுங்குகிறதே என்று அதைக் கரியாக்குகிறவர்களும் உண்டு. அதிலுள்ள கடல் உப்பு தீயில் போகாது, கரியிலேயே தங்கும், ஆகவே அது வேண்டாம். பெயிண்ட் அடித்த பழைய படகுப் பலகையை எரித்த கரியும் வேண்டாம்.

தொட்டி, மண், தண்ணீர்

கரியின் அளவில்தான் பெரும்பாலான ஆய்வுகள் நடைமுறையை விட்டு விலகுகின்றன. தொட்டியில் 5 சதவீதம் கரி போடுவது காகிதத்தில் சின்ன எண்ணாகத் தெரியும். ஒரு ஹெக்டேரில் 15 செ.மீ. ஆழத்து மண் சுமார் 2,000 டன் இருக்கும். அதில் 5 சதவீதம் என்றால் 100 டன் கரி. யார் போடுவார்கள்? ஹெக்டேருக்கு 10 டன் என்பது அரை சதவீதம், ஒரு சென்ட் நிலத்துக்கு ஏறக்குறைய 40 கிலோ. அதுவே ஒரு சம்சாரி யோசித்துப் பார்க்கக்கூடிய அளவு. 10 கிலோ மண் பிடிக்கும் தொட்டிக்கு 50 கிராம், 100 கிராம், 200 கிராம் என்று மூன்று அளவு வைத்துக்கொள்ளுங்கள்.

கரி இல்லாத வெறும் மண் தொட்டி கட்டாயம். தொழுவுரம் மட்டும் போட்டது ஒன்று, கரியும் தொழுவுரமும் சேர்த்தது ஒன்று. முடிந்தால் கரியிலுள்ள அளவுக்குச் சாம்பல் மட்டும் போட்டது ஒன்றும் வையுங்கள். பிறகு தெரிகிற மாற்றம் கரியால் வந்ததா, சாம்பலிலுள்ள பொட்டாசியத்தாலும் காரத்தாலும் வந்ததா என்று கேட்டால் பதில் சொல்ல அதுதான் கைகொடுக்கும். ஒவ்வொன்றிலும் குறைந்தது ஐந்து தொட்டி. மூன்று போதும் என்பார்கள். ஒன்றை ஆடு மேய்ந்துவிட்டால் இரண்டுதான் மிஞ்சும்.

கரியைக் காய்ந்தபடியே போடாமல், சாணக் கரைசலிலோ மட்கிய எருவிலோ இரண்டு மூன்று வாரம் ஊறவைத்துப் போடுவது நல்லது. புதுக் கரி முதலில் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தன்னிடம் இழுத்து வைத்துக்கொள்ளும். ஊறவைத்தால் அதே சாணக் கரைசலைக் கரி போடாத தொட்டிக்கும் அதே அளவு ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் ஒப்பிடுவது சாணத்தைத்தான். தூளைக் கொட்டும்போது முகக்கவசம் போடுங்கள், லேசாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டால் பறக்காது.

தண்ணீர் எல்லாத் தொட்டிக்கும் ஒரே இடத்துத் தண்ணீர். ஊரணித் தண்ணீரில் ஆரம்பித்து, அது வற்றியதும் போர் தண்ணீருக்கு மாறினால் ஆய்வு அத்தோடு போயிற்று. வாரம் ஒருமுறை ஈசி அளந்து எழுதி வையுங்கள். மீட்டருக்கு 3 டெசிசீமென்ஸைத் தாண்டிய தண்ணீர் பாசனத்துக்குக் கடுமையான உப்புத் தண்ணீர். வேண்டுமென்றே உப்புத் தாங்குதிறனைப் பார்ப்பதானால் அது வேறு, தெரியாமல் நடப்பது வேறு. மழை நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும், அந்த நேரத்தில் திறந்தவெளித் தொட்டியில் உப்பு கழுவிக்கொண்டு போய்விடும். மழை ஓய்ந்த தை, மாசிதான் இதற்குத் தோதான காலம்.

தொட்டிகளை வகைவாரியாக வரிசை கட்டி வைக்காதீர்கள். சீட்டுக் குலுக்கிக் கலந்து வையுங்கள், மூன்று நாளைக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். வாடைக்காற்று அடிக்கிற பக்கத்துத் தொட்டியில் கடல் உப்பும் மணலும் முதலில் படியும். கரித்தொட்டிகள் எல்லாம் அந்தப் பக்கமே இருந்தால் அப்புறம் உங்கள் ஸ்பெக்ட்ரம் காட்டுவது காற்றின் வேலையை.

ராமநாதபுரத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. உவர் மண்ணை எப்படிப் பார்ப்பது, எந்தக் கீரை ரகத்தை எடுப்பது போன்ற கேள்விகளுக்கு அங்கே போய்க் கேட்பது, இணையத்தில் ஏதோ குளிர்நாட்டுக் கட்டுரையைப் படித்து அதன்படி செய்வதைவிட மேல்.

பறிப்பது, கழுவுவது, காயவைப்பது

எல்லாத் தொட்டியிலும் ஒரே காலையில், வெயில் ஏறும் முன் பறியுங்கள். இலையில் மாவுச்சத்து பகலெல்லாம் சேர்ந்து இரவில் செலவாகும், நைட்ரேட்டும் வெளிச்சத்துக்குத் தக்கபடி மாறும். ஒரு தொட்டியைக் காலை ஏழுக்கும் இன்னொன்றை மாலை நாலுக்கும் பறித்தால் 1150-லிருந்து 1000 வரை உள்ள பகுதி தானாகவே மாறித் தெரியும், பாவம் கரிக்கு அதில் சம்பந்தமே இருக்காது.

நுனியிலிருந்து எண்ணி மூன்றாவது, நான்காவது இலை, நன்றாக விரிந்தது, பூச்சி கடிக்காதது. தண்டைச் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு தொட்டியும் தனி மாதிரி, ஐந்தையும் ஒன்றாகக் கலந்து ஒரு பொடியாக்கக் கூடாது. கலந்தால் தொட்டிகளுக்குள் உள்ள வித்தியாசம் மறைந்துவிடும், முதலில் சொன்ன கேள்விக்குப் பதிலே கிடைக்காது.

கழுவுவதில் சோம்பல் வேண்டாம். ஒரு மணல் துகளில் உள்ள சிலிக்கா 1030 முதல் 1100 வரை பலமாக உறிஞ்சும். கீரையின் செல்லுலோஸும் அதே இடத்தில்தான். "கரி போட்டதால் சர்க்கரைச் சங்கிலிகள் கூடின" என்று சந்தோஷப்பட்ட பீக், இலையில் ஒட்டிய மண்ணாக இருந்துவிடும். குழாய்த் தண்ணீரில் ஒருமுறை, வாலைவடிநீரில் இரண்டு முறை, ஒவ்வொன்றிலும் அரை நிமிடம் அலசினால் போதும். ஊறவைக்காதீர்கள், கரையக்கூடியது வெளியே வந்துவிடும்.

அப்புறம் உலர்த்துவது. உறைய வைத்து உலர்த்தும் கருவி கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் 60 டிகிரி அடுப்பில், எடை மாறாமல் நிற்கும் வரை, பொதுவாக இரண்டு நாள். 100 டிகிரியில் சீக்கிரம் முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். சர்க்கரையும் புரதமும் சேர்ந்து பழுப்பேறி 1600 பக்கத்தைக் குழப்பும். மொட்டைமாடி வெயில் வேண்டவே வேண்டாம், கடற்கரையில் காயவைத்தால் அது கீரை வற்றல், மாதிரி அல்ல.

அகேட் உரலில் மாவு பதத்துக்கு அரைத்து, சல்லடையில் சலித்து, மேலே நின்ற நரம்பையும் மறுபடி அரைத்துச் சேருங்கள். அதைத் தூக்கி எறிந்தால் நார்ச்சத்தின் பங்கு குறைந்துவிடும். எல்லா மாதிரிக்கும் ஒரே நேர அளவு அரையுங்கள். துகள் பெரிதாக இருந்தால் ஒளி சிதறி பேஸ்லைன் (கோட்டின் அடித்தளம்) சாயும். மிக்ஸி சூடாகும், விட்டுவிட்டு ஓட்டினால் பரவாயில்லை. பொடியைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, சிலிக்கா ஜெல் வைத்த டெசிகேட்டரில் வையுங்கள். நம் ஊர்க் காற்றுக்குப் பொடியைத் திறந்து வைத்துவிட்டு டீ குடித்து வந்தால் போதும், ஈரம் ஏறிவிடும். உப்பேறிய கீரையென்றால் இன்னும் வேகமாக இழுக்கும். உப்பு நேராகத் தெரியாது என்றேனே, அது உறிஞ்சிய தண்ணீர் 3400-லும் 1640-லும் நன்றாகவே தெரியும்.

ஏடிஆரா, வில்லையா

ஏடிஆர் என்றால் பொடியை வைரப் படிகத்தின் மேல் வைத்து அழுத்துவது, ஒரு நிமிட வேலை. ஒளி மாதிரிக்குள் ஒன்றிரண்டு மைக்ரான் ஆழம்தான் போகும், அதனால் படிகத்தோடு பொடி ஒட்டுகிற அழுத்தம் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருக்க வேண்டும். வில்லை என்றால் ஒரு மில்லிகிராம் மாதிரியை நூறு மில்லிகிராம் பொட்டாசியம் புரோமைடுடன் அரைத்து, அச்சில் வைத்து டன் கணக்கில் அழுத்திக் கண்ணாடி போன்ற வட்டாக எடுப்பது. பொட்டாசியம் புரோமைடு ஈரத்தை இழுக்கும் பொருள். முந்தைய இரவே 110 டிகிரியில் உலர்த்தி வையுங்கள். கடற்கரையில் அடைமழை நாளில் வில்லை போட உட்காருவது வீண் வேலை.

பல மாதிரிகளை ஒப்பிடுவதற்கு நான் ஏடிஆர் பக்கம்தான். விதிவிலக்கு நைட்ரேட். முளைக்கீரை வகைகள் நைட்ரேட்டைச் சேர்த்து வைக்கும் பழக்கமுள்ளவை. வில்லையில் அது 1384-ல் ஊசி மாதிரி ஒற்றைக் கூர்முனையாக நிற்கும், ஏடிஆரில் இடம் தள்ளி அகன்று போய்விடும். கரி தழைச்சத்தைப் பிடித்து வைத்ததா என்பது உங்கள் கேள்வியானால் வில்லை போடுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மாதிரி இல்லாத வெறும் வில்லை ஒன்றை முதலில் ஓட்டிப் பாருங்கள். பொட்டாசியம் புரோமைடிலேயே நைட்ரேட் மாசு இருந்து, அதே 1384-ல் பீக் காட்டுவது அடிக்கடி நடக்கும்.

எதை எடுத்தாலும் கடைசி வரை அதையே. ஏடிஆரில் அலையெண் குறையக் குறைய ஒளி ஆழமாகப் போவதால் அந்தப் பக்கத்துப் பீக்குகள் பெரிதாகத் தெரியும். பாதி மாதிரி ஏடிஆர், பாதி வில்லை என்று ஒரே படத்தில் போட்டால் அது ஒப்பீடே ஆகாது.

பச்சை இலையை அப்படியே படிகத்தில் வைக்கலாமா? வைக்கலாம். தண்ணீர்தான் பெரிதாகத் தெரியும், மீதி மேல்தோல் மெழுகு. உப்பும் வறட்சியும் மெழுகை எப்படி மாற்றுகிறது என்று பார்க்க 2918, 2850 இரண்டும் உதவும். மேல்புறம், கீழ்ப்புறம் இரண்டையும் தனித்தனியே எடுங்கள்.

ஓட்டும் நாள்

கருவி இல்லாதவர்கள் பக்கத்தில் காரைக்குடி, மதுரைப் பல்கலைக்கழகங்களில் கேட்கலாம், சென்னையில் ஐஐடியின் சைஃப் மையம் வெளியாருக்கும் கட்டணத்துக்குச் செய்து கொடுக்கும். மாதிரியை அனுப்பிவிட்டுப் படத்தை மட்டும் வாங்கிக்கொள்ளாதீர்கள். சிஎஸ்வி கோப்பாக எண்களையே கேட்டு வாங்குங்கள்; அச்சடித்த படத்தை வைத்து ஒரு கணக்கும் போட முடியாது.

கருவியை அரை மணி நேரம் சூடேறவிட்டு, பாலிஸ்டைரீன் தகட்டை ஓட்டி, 1601 சரியான இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். பிரிதிறன் 4, ஸ்கேன் 32 அல்லது 64. ஸ்கேனை நான்கு மடங்காக்கினால் தெளிவு இரண்டு மடங்குதான் கூடும், ஆகவே 256 வரை போவது நேர விரயம். பேக்கிரவுண்டை, அதாவது மாதிரி வைக்காத வெறும் ஓட்டத்தை, நாலைந்து மாதிரிக்கு ஒருமுறை புதுப்பியுங்கள். ஒவ்வொரு பொடியிலிருந்தும் மூன்று முறை புதிதாக அள்ளி வைத்து ஓட்டுங்கள்; வைத்ததையே மூன்று முறை ஓட்டுவது மூன்று ஆகாது. இடையில் ஐசோபுரொப்பனாலில் நனைத்த மெல்லிய தாளால் துடைத்து, வெறும் படிகத்தை ஒருமுறை பார்த்து, 2920-ல் எண்ணெய்ப் பிசுக்கு இல்லையென்று உறுதி செய்யுங்கள். முக்கியமாக, கரியில்லாதவை எல்லாம் முதலில், கரி போட்டவை எல்லாம் பிறகு என்று ஓட்டாதீர்கள். மதியம் ஏசி நின்று அறை ஈரமானால், பின்பாதி முழுவதும் தண்ணீர் ஆவியின் கோடுகள் ஏறிவிடும்.

பீக்குகளைப் படிப்பது

கீரைக் கோட்டில் 3300 பக்கத்து அகன்ற மேட்டை முதலில் ஒதுக்குங்கள். தண்ணீர், புரதம், சர்க்கரை எல்லோரும் அங்கே கூடியிருக்கிறார்கள். யாருடைய குரல் என்று பிரிக்க முடியாது. 2350 காற்றிலுள்ள கரியமிலவாயு. 2300 முதல் 1900 வரை வைரப் படிகமே உறிஞ்சும் இடம், அங்கே தெரியும் நடுக்கத்தைப் பார்த்து "கார்பன் முப்பிணைப்பு கண்டறியப்பட்டது" என்று எழுதிய அறிக்கைகள் ஏராளம். கீரையில் முப்பிணைப்பைத் தேட வேண்டாம்.

1740 எஸ்டர்: பெக்டினின் மெத்தில் எஸ்டர், கொழுப்பு, ஹெமிசெல்லுலோஸின் அசிட்டைல். 1545 புரதத்தின் அமைடு இரண்டு, 1515 லிக்னின் வளையம், 1240 கலவையான இடம், 1150-லிருந்து 1000 வரை சர்க்கரைச் சங்கிலிகள், 895 செல்லுலோஸின் இணைப்பு.

1600-க்கும் 1660-க்கும் இடைப்பட்ட பெரிய பீக்கில்தான் வம்பு. அங்கே அமைடு ஒன்று 1650-ல், தண்ணீர் 1640-ல், ஆக்சலேட் 1620-ல், பெக்டினின் கார்பாக்சிலேட் 1610-ல் என்று நாலு பேர் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தப் பீக் உயர்ந்ததை வைத்துப் புரதம் கூடியது என்று சொல்லவே கூடாது. புரதத்துக்கு 1545-ஐப் பாருங்கள், அங்கே போட்டி குறைவு. அதுவும் கூடி, கெல்டால் முறையில் அளந்த நைட்ரஜனும் கூடியிருந்தால் அப்போது வாயைத் திறக்கலாம்.

ஆக்சலேட்டுக்கு நல்ல அடையாளம் 1317. முளைக்கீரை, பாலக் இரண்டிலும் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு. 1620, 1317, 780 மூன்றும் சேர்ந்து ஏறி இறங்கும். இங்கே நம் மணல் மறுபடி வந்து குறுக்கே நிற்கும், அதற்கும் 779-ல் பீக் உண்டல்லவா. 798-ம் கூடவே இருந்தால் மணல். 798 இல்லாமல் 1317-உடன் 780 மட்டும் வந்தால் ஆக்சலேட். இரண்டும் இருந்தால் கழுவியது போதவில்லை, மாதிரியைத் திரும்பச் செய்யுங்கள். சாம்பல் நிறைந்த கரி கால்சியத்தையும் பொட்டாசியத்தையும் மண்ணில் சேர்க்கும் என்பதால், ஆக்சலேட் மாறுகிறதா என்று பார்ப்பது வெறும் பீக் எண்ணுவதைவிடப் பயனுள்ள கேள்வி. சிறுநீரகக் கல் உள்ள வீட்டில் கீரை வாங்குகிறவர்கள் கேட்கிற கேள்வியும் அதுதான்.

கணக்கு

கோப்புகளை ஆரஞ்ச் மென்பொருளின் ஸ்பெக்ட்ரோஸ்கோபி இணைப்பிலோ, ஆர் மொழியின் புராஸ்பெக்டர் தொகுப்பிலோ ஏற்றலாம், இரண்டும் இலவசம். கோடிங் தெரியாதவர்களுக்கு ஆரஞ்ச் எளிது. முதலில் ஒரு பொடியின் மூன்று ஓட்டங்களைச் சராசரியாக்கி ஒன்றாக்குங்கள். பிறகு 1800 முதல் 800 வரை வெட்டி எடுத்து, பேஸ்லைன் திருத்தி, எஸ்என்வி முறையில் (ஒவ்வொரு கோட்டையும் அதன் சொந்தச் சராசரியையும் சிதறலையும் வைத்து ஒரே அளவுக்குக் கொண்டுவருவது) சமப்படுத்துங்கள். ஏதோ ஒரு பீக்கை ஒன்று என்று வைத்து மற்றதை வகுப்பது பழைய வழக்கம். அந்தப் பீக்கே கரியால் மாறியிருந்தால் எல்லாமே கோணலாகும்.

ஒன்றோடொன்று ஒட்டிய பீக்குகளைப் பிரிக்க சாவிட்ஸ்கி-கோலே முறையில் இரண்டாம் வகைக்கெழு எடுங்கள், ஜன்னல் 9 முதல் 13 புள்ளி வரை. அதில் பீக்குகள் கீழ்நோக்கிய பள்ளமாகத் தெரியும். இரைச்சலையும் அது பெரிதாக்கும் என்பதால், ஒரே தொட்டியின் மூன்று ஓட்டங்களிலும் வராத பள்ளத்தை நம்பாதீர்கள்.

அடுத்து பிசிஏ, அதாவது ஒரு கோட்டின் நூற்றுக்கணக்கான எண்களை இரண்டு மூன்று அச்சாகச் சுருக்கும் கணக்கு. ஒவ்வொரு தொட்டியும் ஒரு புள்ளியாக விழும். கரித்தொட்டிகள் ஒரு பக்கமும் மற்றவை ஒரு பக்கமும் பிரிந்தால், உடனே லோடிங் படத்தைத் திறந்து எந்த அலையெண் பிரித்தது என்று பாருங்கள். 1640 மட்டும் என்றால் ஈரம் பிரித்திருக்கிறது. 1030-உடன் 798 என்றால் மணல். 1545, 1317, 1740 மாதிரி இடங்கள் என்றால் விஷயம் இருக்கிறது. புள்ளிகள் கலந்து கிடந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள். அரை சதவீதக் கரி கீரையின் வேதியியலைப் பெரிதாக மாற்றவில்லை என்பதும் ஒரு முடிவுதான், கரிக்குக் காசு கொடுக்கப் போகிறவருக்கு மிகவும் தேவையான முடிவும்கூட.

பிஎல்எஸ் போல, கரித்தொட்டியா இல்லையா என்று கணிக்கக் கணினியைப் பயிற்றும் முறைக்குப் போய் 98 சதவீதம் துல்லியம் என்று வந்தால் ஒரு இடத்தைச் சோதியுங்கள். ஒரே தொட்டியின் ஓட்டங்களில் இரண்டு பயிற்சிப் பக்கமும் ஒன்று சோதனைப் பக்கமும் போயிருந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை, கணினி தொட்டியை அடையாளம் கண்டிருக்கிறதே தவிர கரியை அல்ல. சோதனைக்கு ஒதுக்குவது முழுத் தொட்டியாக இருக்க வேண்டும்.

கூடவே எழுதி வைக்க வேண்டியவை

ஒவ்வொரு தொட்டிக்கும் பச்சை எடை, உலர்ந்த எடை, பறித்த அன்றைய மண்ணின் பிஎச், ஈசி, இலையின் சோடியம், பொட்டாசியம், நைட்ரஜன். கரி போட்ட தொட்டியில் விளைச்சலே பாதியாக இருந்தால், அந்தச் சின்ன இலையில் புரதத்தின் பங்கு கூடித் தெரிவது வெறும் செறிவுக் கணக்காக இருக்கலாம், அதைப் பிடிக்க எடைப் பட்டியல் வேண்டும். மீதிப் பொடியில் ஒரு கிராமையாவது குப்பியில் மூடி, தொட்டி எண்ணும் பறித்த தேதியும் பென்சிலால் எழுதி உள்ளே போட்டு வையுங்கள். பேனா மை ஈரத்தில் கரைந்து போகும், தேர்வாளர் திரும்ப ஓட்டிக் காட்டச் சொல்லும்போது எந்தக் குப்பி எந்தத் தொட்டி என்று தெரியாது.